பீப்பாய் அடிக்கிற ஊருக்கு

வடக்குப்பட்டு,
நவம்பர் 17.

அன்புத் தம்பி ஜெபகுமாருக்கு,

அக்கா ஷெர்லின் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் நலத்தில் சேராது, அது உனக்குத் தெரிந்ததுதான். நீ வீட்டுக்குள்ளேயும் குல்லாய் போட்டுக்கொண்டு வீடியோ காலில் பேசுவதைப் பார்த்து, உனக்குக் காதில் ஏதோ வந்துவிட்டது, மறைக்கிறாய் என்று அம்மா நம்புகிறாள். அடுத்த தடவை ஒரு நிமிஷம் கழற்றிக் காட்டிவிடு.

கையால் கடிதம் எழுதுகிறேனே என்று சிரிக்காதே. நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜுக்குப் போனில் பதில் சொல்ல வழியில்லை. நம் வீட்டில் போன் வந்தால் அம்மா முதலில் ஸ்பீக்கரைப் போடுவாள், பிறகுதான் ஹலோ சொல்லுவாள். கம்பெனியிலிருந்து பேசலாம் என்றால் கேட்டிலேயே செல்லை வாங்கி லாக்கரில் வைத்துவிடுகிறார்கள். உங்கள் டீமில் இருக்கிற வெங்கட்ரமணன் சார் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை அங்கே கிளம்புகிறாராம். மாங்காய் ஊறுகாயும் பருப்புப் பொடியும் அவர் பெட்டியில் வருகின்றன. அவற்றோடு இதுவும் வரும். கவருக்கு மூன்று தடவை பசை தடவியிருக்கிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

மழை பிடித்துக்கொண்டது. ஒரகடம் கூட்டு ரோட்டில் தண்ணீர் நின்று, நேற்று எங்கள் கம்பெனி பஸ் ஒன்றரை மணி நேரம் நகரவில்லை. லேட் என்று ஒருவருக்கும் அரை நாள் வெட்டவில்லை, ஏனென்றால் சூப்பர்வைசரும் அதே பஸ்ஸில்தான் இருந்தார். ஏரி நிரம்பிக்கொண்டு வருகிறது. அப்பா தினமும் குடை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து, இன்னும் எத்தனை படி பாக்கி என்று சொல்கிறார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

இப்போது உன் விஷயம். நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன். லைனில் ஷிஃப்ட் மாறும்போது முந்தின ஷிஃப்ட்காரி சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும், அந்தப் பழக்கம். மெஷின் பழக உன்னைக் கம்பெனி கடல் தாண்டி அனுப்பியிருக்கிற அந்தச் சின்ன ஊரில் ஒவ்வொரு ஜனவரி பதினேழாம் தேதியும் வனத்து அந்தோணியார் திருநாள். அன்றைக்கு ஊரே தெருவில் இறங்கி, மரப் பீப்பாயையும் மரத்தொட்டியையும் அரிவாளையும் அடித்துக்கொண்டு ஊர்வலம் போகும். நீ அனுப்பிய வீடியோ போன ஜனவரி எடுத்தது. வருகிற ஜனவரிக்கு உன் ஒர்க்ஷாப்பில் வேலை செய்கிறவர்கள் உன்னையும் ஒரு பீப்பாய்க்குக் கூப்பிடுகிறார்கள். நீ கை வலி என்று பொய் சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கிறாய். ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளுக்குள் பெயர் கொடுத்தாக வேண்டும். அப்பா சரி என்றால் அடிப்பாய், கூடாது என்றால் விட்டுவிடுவாய். ஆனால் வீடியோவை அப்பாவிடம் காட்டக் கூடாது, நான்தான் பக்குவமாகக் கேட்க வேண்டும். சரிதானா?

நீ அங்கே உட்கார்ந்துகொண்டு என்னைப் புற்றுக்குள் கை விடச் சொல்கிறாய். இருக்கட்டும், கேட்கிறேன். அதற்கு முன்னால் நான் கேட்பதற்கெல்லாம் நீ பதில் சொல்ல வேண்டும். அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

அந்தப் பீப்பாய்கள் உண்மையிலேயே திராட்சை ரசம் வைக்கிறவையா, அல்லது அடிப்பதற்கென்றே செய்கிறார்களா? அடிக்கிறவன் தலைக்கு மேலே கட்டையைத் தூக்கி இறக்குகிறானே, பலகை பிளந்துபோகாதா? பிளந்துபோனால் ஊர்வலத்தின் நடுவில் என்ன செய்வார்கள், ஸ்பேர் வைத்திருக்கிறார்களா? அரிவாளை இரும்புக் கம்பியால் தட்டுகிற அந்த அம்மா சமையல் ஏப்ரனோடு இருக்கிறாளே, அடுப்பில் ஏதாவது வைத்துவிட்டு அப்படியே வந்துவிட்டாளா? டிராக்டர் இழுக்கிற வண்டிமேல் தென்னை ஓலை மாதிரி ஏதோ கட்டியிருக்கிறார்கள். அந்த ஊரில் தென்னை ஏது? வண்டிக்கு ஐம்பது பேர் என்கிறாய், பத்துப் பன்னிரண்டு வண்டி என்கிறாய். அந்தச் சத்தத்தில் கைக்குழந்தைகள் எப்படித் தூங்குகின்றன? ஒரு குழந்தை தூங்குகிறது, நான் பார்த்தேன். நீல ஸ்வெட்டர்.

சிலையில் வனத்து அந்தோணியார் காலடியில் பன்றி நிற்கிறதே, அதற்கும் அன்றைக்கு மரியாதை உண்டா? ஆடு மாடு நாய் எல்லாவற்றையும் கோயில் வாசலுக்குக் கூட்டி வந்து மந்திரிக்கிறார்கள் என்று சொன்னாய். இங்கே மாட்டுப் பொங்கல் முடிந்த இரண்டொரு நாளில் அங்கே அது. சொல்லி வைத்தாற்போல் ஒரே வாரத்தில் இரண்டு ஊர் மாடுகளும் குளிக்கின்றன. இதை அம்மாவிடம் சொன்னேன். "மாடு எங்க பொறந்தா இன்னா, அதுக்கும் ஒரு நாளு வேணும்ல" என்றாள்.

சரி, அப்பாவுக்கு வருகிறேன். நீ பிறக்கும் முன்னால் அப்பா ஊருக்குப் பறை அடித்தவர். நன்றாக அடித்தவர் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் பார்த்த அப்பா கம்பெனியில் லோடு ஏற்றியவர், பிறகு அதே கம்பெனியில் புல்லுக்குத் தண்ணீர் விட்டவர். தெருவில் சாவு மேளம் போனால் எழுந்துபோய் மோட்டார் சுவிட்சைப் போடுவார். தொட்டி நிரம்பி வழிந்து வாசலெல்லாம் சேறானாலும் மேளம் கடந்துபோகிற வரைக்கும் நிறுத்த மாட்டார். நீ ஏழாம் வகுப்பில் ஸ்கூல் பேண்டில் டிரம் அடிக்கப் பெயர் கொடுத்துவிட்டு வந்தபோது, அவர் நேரே போய் ஹெட்மாஸ்டரிடம் பெயரை அடிக்கச் சொன்னது நினைவிருக்கிறதா? "எம் புள்ளைங்க கை அத்தத் தொடாது" என்றார். நீ மூன்று நாள் சோறு தின்னவில்லை. அப்பாவும் தின்னவில்லை.

நீ சொல்லாமல் விட்ட ஒன்றையும் வீடியோவில் பார்த்துவிட்டேன். மூன்றாவது வண்டியில் இரண்டாவது பீப்பாய். சிவப்பு மப்ளர். அது வெங்கட்ரமணன் சார். பெரும்புதூர் கோயில் தெருக்காரர் வேர்க்க விறுவிறுக்க அடித்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறார். பார்க்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நீ ஏன் கை வலி என்றாய் என்பது அங்கேதான் புரிந்தது. அவர் அடித்தால் புதுசாக ஒன்று கற்றுக்கொண்டார் என்பார்கள். நீ அடித்தால், ஓகோ, இது ரத்தத்தில் வந்தது என்பார்கள். நாலு தமிழ்ப் பையன்கள் இருக்கிற இடத்தில் அந்த ஒரு வார்த்தை போதும். அதுதானே உன் பயம்? அப்பா கூடாது என்று சொல்லிவிட்டால் உனக்கு ஒருவிதத்தில் நிம்மதி. அதனால்தான் அவரைக் கேட்கச் சொல்கிறாயோ என்றும் எனக்குத் தோன்றுகிறது. தப்பாக நினைத்திருந்தால் அக்காவை மன்னித்துக்கொள்.

மூன்று தடவை பசை ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

ஊறுகாயில் கரண்டியை ஈரத்தோடு விடாதே. ஆண்டவர் உனக்குத் துணை இருக்கட்டும்.

அன்பு அக்கா,
ஷெர்லின்


வடக்குப்பட்டு,
டிசம்பர் 8.

அன்புள்ள ஜெபா,

இந்தத் தடவை பெட்டியோடு வர ஆள் இல்லை. எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸாப்பில் போடுகிறேன். மேலே நம்பர் போட்டிருக்கிறேன், வரிசையாகப் படி. தனியாக இருக்கும்போது படி.

உன் பதில்கள் கிடைத்தன. பீப்பாய் பிளந்தால் வண்டியிலேயே தச்சர் ஒருவர் இருக்கிறார் என்பதை எங்கள் லைன் பெண்களிடம் சொன்னேன். எங்களுக்கும் மெயின்டெனன்ஸ்காரரை அப்படி லைனிலேயே ஏற்றிவிட்டால் நன்றாயிருக்கும் என்றார்கள். அந்த ஏப்ரன் அம்மா உண்மையிலேயே அடுப்பை விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்று கேட்டதில் எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. சேமியா மாதிரி ஏதோ ஒன்றில் அவித்த கொட்டை போட்டுச் சமைத்து, அடிக்கிறவர்களும் பார்க்கிறவர்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். அந்தக் கொட்டை என்ன, பலாக்கொட்டை மாதிரி இருக்குமா?

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். திட்டாதே.

நேற்று எனக்கு முதல் ஷிஃப்ட். மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் கட்டப் போயிருந்தாள். அப்பா வாசல் கேட்டுக்கு உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இதைவிட நல்ல நேரம் வராது என்று நினைத்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. வாயால் சொன்னால் மேளம் என்கிற வார்த்தையிலேயே அவர் எழுந்துவிடுவார். ஆகையால் நீ காட்டாதே என்றதைக் காட்டினேன். ஆனால் சவுண்டை முழுக்கக் குறைத்துவிட்டுக் காட்டினேன். சத்தம் இல்லாவிட்டால் அது வெறும் ஊர்வலம்தானே, முதலில் ஊரைப் பார்க்கட்டும், ஜனங்களைப் பார்க்கட்டும், பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. பதினான்கு வருஷமாகக் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறவளின் புத்தி இப்படி வேலை செய்தது.

அப்பா செல்லைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "இன்னா பண்றானுங்க, பீப்பாயை ஒடைக்கிறானுங்களா?" என்றார். ஜெபா இருக்கிற ஊரில் அந்தோணியார் திருநாள் என்றேன். சரி என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் பார்க்கிறேன், நாற்காலிக் கைமேல் இருந்த அவருடைய வலது கை விரல்கள் அசைகின்றன. முதலில் இரண்டு விரல். பிறகு நாலும். வீடியோவில் ஒரு சொட்டுச் சத்தம் இல்லை. கட்டை இறங்குவதைக் கண்ணால் பார்த்தே அவர் அடியைப் பிடித்துவிட்டார்.

என்னைத் திரும்பிப் பார்க்காமல், "அந்த மொட்டைத் தலையன் பிந்திப் பிந்தி அடிக்கிறான், பாரு" என்றார். பிறகு, "சவுண்டு வை, பாப்பா" என்றார்.

வைத்தேன். அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். "நான் நெனச்சாப்பலதான் கீது" என்று மட்டும் சொன்னார். பிறகு மறுபடி, மறுபடி. செல் சூடாகிவிட்டது. அவர் கேட்டதையெல்லாம் உனக்கு எழுதுகிறேன், பதில் சொல். முன்னால் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையை ஆட்டுகிறானே, அடியை மாற்றுகிறவன் அவன்தானா? பெரிய தொட்டி அடிக்கிறவர்களுக்கும் அரிவாள்காரர்களுக்கும் வேறு வேறு சைகையா? வண்டி குலுங்கும்போது நின்றுகொண்டே அடிக்கிறார்களே, தோள்பட்டை போய்விடாதா, என்ன எண்ணெய் தேய்ப்பார்கள்? தீயில் காட்ட வேண்டாமா என்று அவரே கேட்டுவிட்டு, தோல் இல்லையே, மரம்தானே, அதற்கெதற்குத் தீ என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

அதன் பிறகு சொன்னதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. "தோலு இல்ல. செத்த மாட்ட உரிக்கத் தேவல. அதான் எல்லாரும் தொடுறானுங்க. தோலா இருந்தா அவனுங்க ஊர்லயும் அதுக்குன்னு ஒரு தெருவ ஒதுக்கி வெச்சிருப்பானுங்க" என்றார். அது அப்படித்தானா, ஜெபா? எனக்குத் தெரியவில்லை. அந்த ஊரில் தோல் மேளம் அடிக்கிறவர்கள் யார், அவர்கள் வீட்டில் மற்றவர்கள் தண்ணீர் குடிப்பார்களா என்று விசாரித்துச் சொல்.

"இத்த ஏன் அனுப்பினான்?" என்று கடைசியில் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கை வலிப் பொய், வெங்கட்ரமணன் சார், ராஜாக்கள் திருநாள் எல்லாம். அப்பா எழுந்து உள்ளே போனார். மோட்டாரைப் போடத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஒரு சொம்பு தண்ணீர் எடுத்துவந்து குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். அப்புறம் சொன்னார். எனக்கு முப்பத்தாறு வயசாகிறது, இதுவரை யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை.

நம் சித்தப்பா ரத்தினத்தை உனக்குத் தெரியாது. நீ பிறப்பதற்கு முந்தின வருஷம் போய்விட்டார். எனக்கு அப்போது ஐந்து வயசு. என்னைத் தோளில் உட்கார வைத்து ஏரிக்கரையில் நடந்தது மட்டும் நினைவிருக்கிறது. கிணற்றில் மோட்டார் இறக்கும்போது கரண்ட் அடித்துச் செத்தார். கிறிஸ்தவச் சாவுக்கு மேளம் வேண்டாம் என்று சாமியார் சொன்னதால் அவருக்கு யாரும் அடிக்கவில்லை என்று அம்மா எனக்குச் சொல்லியிருந்தாள். அது பொய்யாம்.

அன்றைக்கு அதே விடியற்காலை மேலத்தெருவில் நிலக்காரர் ஒருவரின் தாயார் இறந்திருக்கிறார். அப்பாவைப் பறைக்குக் கூப்பிட ஆள் வந்துவிட்டது. என் தம்பி செத்துக் கிடக்கிறான், வேறு ஆளைப் பாருங்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். வந்தவன், "மொதல்ல அங்க அடி, அப்பால வந்து உன் தம்பிக்கு அடிச்சிக்கோ" என்றிருக்கிறான். வரவில்லை என்றால் நம் தெருவில் ஒருவருக்கும் அறுவடை வேலை கிடையாது என்றும் சொல்லியிருக்கிறான். நம் தெருப் பெரியவர்களே வந்து அப்பாவைப் போகச் சொல்லியிருக்கிறார்கள். போனார். அங்கே சொந்தக்காரர்கள் வந்து சேர நேரமாகி, சாயங்காலம் வரை அடித்தார். திரும்பி வந்தபோது சித்தப்பாவை எடுத்துப் புதைத்துவிட்டு எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். கரண்ட் அடித்த உடம்பு, அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை.

அப்பா இதைக் கதை மாதிரிச் சொல்லவில்லை. ஏரியில் எத்தனை படி பாக்கி என்று சொல்கிற குரலிலேயே சொன்னார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் நின்றார். "அன்னிக்கும் நான் ஒரு அடி தப்பா அடிக்கல, பாப்பா. கை அதும்பாட்டுக்கு சரியா அடிச்சிகினு இருந்துச்சி. அத்ததான் என்னால தாங்க முடியல" என்றார்.

நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. அன்றோடு தொடவில்லையாம். அடுத்த சாவுக்குப் போகாததால் இரண்டு வருஷம் நம் வீட்டுக்கு யாரும் வயல் வேலை தரவில்லை. அம்மா பல்லாவரம் பக்கம் ஜல்லி உடைக்கப் போனதாகச் சொல்லுவாளே, அது அந்த இரண்டு வருஷம்தான். பறையை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

நாம் இத்தனை நாளும் என்ன நினைத்துக்கொண்டிருந்தோம், ஜெபா? மேளம் கேவலம், நாம் படித்துவிட்டோம், அதனால்தான் அப்பாவுக்குப் பிடிக்காது என்று நினைத்தோம். நானாவது அப்படித்தான் நினைத்தேன்.

சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டு அனுப்பச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "அந்த ஊர்ல ஒருத்தன, வந்து அடின்னு கூப்ட்டு, அவன் வரலன்னா இன்னா ஆவும்? அத்த மட்டும் கேட்டுச் சொல்லச் சொல்லு. அப்பால பாக்கலாம்."

நீயாகப் பதில் சொல்லாதே. அங்கே பெரியவர் யாரையாவது கேட்டு, அவர் சொன்னதை எழுது. வனத்து அந்தோணியார் உன் நாக்குக்கு அந்த ஊர் பாஷையைச் சரியாகக் கொடுக்கட்டும்.

உன் அக்கா,
ஷெர்லின்


வடக்குப்பட்டு,
ஜனவரி 4.

என் ஜெபாவுக்கு,

புது வருஷ ஆசீர்வாதம். அம்மா உனக்காகப் பூசையில் இரண்டு மெழுகுவர்த்தி வைத்தாள், ஒன்று உனக்கு, ஒன்று உன் காதுக்கு. நீ இன்னும் குல்லாயைக் கழற்றிக் காட்டவில்லை.

போன ஞாயிறு நான் வீட்டில் இருந்தேன் என்பதே செய்தி. போன வாரம் சூப்பர்வைசர் தாண்டவராயன் வந்து ஞாயிறு எல்லோருக்கும் ஓ.டி. என்று சொல்லிவிட்டுப் போனார். கேட்கவில்லை, சொன்னார். எனக்கு முடியாது சார் என்றேன். ஏன் என்றார். எனக்குக் காரணம் ஒன்றும் இல்லை, வரவில்லை, அவ்வளவுதான் என்றேன். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. வானம் இடிந்து விழவில்லை. ஆனால் மூன்று நாள் என்னைப் பழுதான பீஸைத் திருத்துகிற ரீவொர்க் டேபிளில் நிற்க வைத்துவிட்டார். கால் இன்னும் வீங்கியிருக்கிறது. வீரத்துக்கு விலை உண்டு என்று தெரிந்துகொண்டேன். இதை அப்பாவிடம் சொல்லாதே.

உன் கடிதம் வந்த அன்றே அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மாவும் இருந்தாள். இனிமேல் இந்த விஷயத்தில் ரகசியம் வேண்டாம் என்று அப்பாவே சொல்லிவிட்டார். அம்மாவைப் பார்த்து, "நீயும் குந்து" என்றார். சித்தப்பா பெயர் வந்ததும் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், கடைசி வரை எடுக்கவில்லை.

வண்டித் தலைவர் பாஸ்குவாலேயிடம் நீ கேட்டதைப் படித்தபோது அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். முடிவெட்டுகிற கடை வைத்திருப்பவரா அவர்? கத்திரியை வைத்துவிட்டுக் கேட்டாரா, வெட்டிக்கொண்டே கேட்டாரா? கேள்வி அவருக்குப் புரியவில்லை, மூன்று தடவை மாற்றி மாற்றிக் கேட்க வேண்டியிருந்தது என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தை அப்பா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். "புரியலியாமா அவருக்கு" என்று அம்மாவிடம் திரும்பிச் சொன்னார். வராவிட்டால் என்ன ஆகும் என்கிற கேள்வியே ஒரு மனிதனுக்குப் புரியாமல் போகிற ஊர் ஒன்று இருக்கிறது என்பதுதான் அவருக்கு அதிசயம். பீப்பாய்கூட அவருக்கு அவ்வளவு அதிசயம் இல்லை.

பாஸ்குவாலேயின் சொந்தத் தம்பி பத்து வருஷமாக வருவதில்லை, அவருக்குச் சத்தம் பிடிக்காது, வீட்டில் உட்கார்ந்து ஃபுட்பால் பார்ப்பார், சாப்பாட்டை மட்டும் வீட்டுக்கே அனுப்பி வைப்பார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைக் கேட்டதும் அப்பா சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். "வராதவனுக்குச் சோறு வூட்டுக்கே போவுதா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தத் தம்பி பெயர் என்ன என்று கேட்கச் சொன்னார். சுட்டதில் நிலக்கரி மாதிரிக் கறுத்த அந்தக் கொட்டையை நீ உரித்துத் தின்கிற படத்தையும் காட்டினேன். பனங்கிழங்கு ருசி என்று நீ சொன்னதை அம்மா நம்பவில்லை.

வெங்கட்ரமணன் சாரிடம் நீயே வாய்விட்டுச் சொன்னது எனக்குப் பெருமை. எங்கள் அப்பா பறை அடித்தவர் என்று நீ சொன்னதும் அவர், அப்படியென்றால் உனக்கு இது சுலபமாக வரும் என்றாராம். அவர் நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். அதுதான் சுருக்கென்று குத்துகிறது. கெட்ட மனசோடு சொன்னால் திருப்பிக் கொடுத்துவிடலாம், இதற்கு என்ன கொடுப்பது?

அப்பாவிடம் பதில் இருந்தது. "சுளுவா எப்பிடி வரும்? ஜெபாவுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் தொட வுடலியே. அந்த மொட்டைத் தலையனவிடத் தப்பாதான் அடிப்பான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "தப்பா அடிக்கட்டும். தப்பா அடிச்சா கேக்க ஆளு இல்லாத எடத்துல அடிக்கட்டும்" என்றார். அம்மா அப்போதுதான் வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். கையுறை போட்டுக்கொண்டு அடிக்கலாமா, விரல் விறைத்துப்போகாதா என்று கேட்டாள். ஆக, வீட்டில் மூன்று ஓட்டும் உனக்கு விழுந்துவிட்டது. திங்கட்கிழமை ராஜாக்கள் திருநாள். நாளைக்கே போய்ப் பெயர் கொடுத்துவிடு. கை வலி போய்விட்டது என்று சொல்லு, இல்லாவிட்டால் உண்மையைச் சொல்லு.

அப்பா ஒரே ஒரு காரியம் கேட்கிறார். இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று, ஏனென்றால் முதலில் எனக்கே விளங்கவில்லை. அவர் சொன்னது இது. "ஊர்வலம் பாதி போறப்போ, எல்லாரும் ஒரேடியா அடிச்சிகினு இருக்கறப்போ, அவன் ஒரு தபா கட்டையக் கீழ வெச்சிட்டு சும்மா நிக்கட்டும். யாருனா ஏன்டான்னு கேக்கறாங்களான்னு பாக்கட்டும். கேக்கலன்னா, மறுபடி எடுத்து அடிக்கட்டும்."

நடுவில் நின்றால் அடி கெட்டுப்போகாதா, அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்டேன். ரொம்ப நேரம் வேண்டாம், வண்டி பத்தடி நகர்கிற நேரம் போதும் என்றார். எதற்கு அப்பா என்றேன். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"நான் ஒரு தபா கூட நின்னது இல்ல, பாப்பா" என்றார்.

ஆகையால் தம்பி, பாஸ்குவாலேயிடம் முன்கூட்டியே சொல்லி வைக்காதே. சொல்லிவிட்டு நின்றால் அது அனுமதி வாங்கி நின்றதாகிவிடும். நீயாக நில். அந்தப் பத்தடியை வெங்கட்ரமணன் சாரையே வீடியோ எடுக்கச் சொல். நீ அடிப்பதை எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, அதை அப்பா மனசாலேயே கேட்டுக்கொள்வார். நீ சும்மா நிற்பதைத்தான் அவர் பார்க்க வேண்டும்.

நீ நடக்கும்போது ஆண்டவர் உன்னோடு நடக்கட்டும். நிற்கும்போது உன்னோடு நிற்கட்டும்.

உன் அக்கா,
ஷெர்லின்